மாவு அண்டாவும் நகர் வளைவும்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு என் விரல்கள் பிடித்ததெல்லாம் கயிறுதான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி வெளியே வரும் லாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்திக் கட்டுவது என் வேலை. கயிறு இழுத்துக் காய்த்த விரலில் பேனா நிற்பதில்லை, எழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் இன்னமும் சந்தேகம்தான். எங்கள் மாதா கோயில் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் ஏதாவது மிச்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அது வராது. திக்குவாய் இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் தொண்டைக்குள் ஏதோ மூடிக்கொள்ளும். கல்யாணத்தன்று சாமியார் கேட்டபோது நான் சொன்ன ‘சம்மதம்’ பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. “மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான் போலருக்கு, தலை ஆடுது” என்றார் என் மாமனார். கோயிலே சிரித்தது. என் மனைவி சொன்ன ‘சம்மதம்’ வாசல்வரை கேட்டது. அன்றைக்கே எங்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. அவள் பேசுவாள், நான் சுமப்பேன்.

எங்கள் வீடு காரைக்காலில் கோவில்பத்தைத் தாண்டி, வயலை மனை போட்டு விற்ற ஒரு நகரில் இருக்கிறது. நான்கு வரிசை வீடுகள். மெயின் ரோட்டை ஒட்டிய முதல் வரிசைக்காரர்கள் மண் கொட்டி மேடாக்கி மாடி கட்டியிருக்கிறார்கள். காலையில் பைக்கிலும் பஸ்ஸிலும் டவுன் ஆபீஸ்களுக்குப் போகிறவர்கள். பின்னால் போகப் போக மனை விலையும் குறையும், தரையும் தாழும். கடைசி வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. காவிரிக்குக் கடைமடை என்று காரைக்காலைச் சொல்வார்கள். அந்தக் கடைமடைக்கும் கடைமடை நாங்கள். நல்ல தண்ணீர் எங்களுக்குக் கடைசியில் வரும். சாக்கடை முதலில் வரும். மழை வலுத்தால் மேலே உள்ள வீடுகளின் கழிவெல்லாம் சரிந்து வந்து எங்கள் வாசற்படி ஏறும். எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதுவரைக்கும் ஒரு வடிகால் கட்டினால் தீர்ந்துவிடும். இது அங்கே குடியிருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

என் மனைவி அந்த வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றாள். எங்கள் மகளுக்கு நகை செய்ததும், அவளை நாகூருக்குக் கட்டிக்கொடுத்ததும் அந்த மாவில்தான். சாயங்காலம் ஆனால் முதல் வரிசையிலிருந்துகூடத் தூக்குவாளியோடு வருவார்கள். அவளுடைய அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்த பெரிய எவர்சில்வர் அண்டாவில் மாவு இருக்கும். ஒரு பக்கம் லேசாக நசுங்கிய அண்டா. அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கரண்டியால் அள்ளி ஊற்றுவாள். ஒரு சொட்டு வெளியே விழாது. “இந்தா தம்பி, உங்க அம்மாகிட்ட சொல்லு, ராத்திரி உப்புப் போட வேணாம், காலையில போட்டாப் போதும்” என்று ஆளுக்கு ஒரு பேச்சும் சேர்த்து ஊற்றுவாள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சாக்கடை ஏறிய நாளில் அவள் அரைக்க மாட்டாள். ஊறவைத்த அரிசி உளுந்தைக் கோழிக்குப் போட்டுவிடுவாள். ‘இன்று மாவு இல்லை’ என்று எழுதிய அட்டையை வாசலில் மாட்டுவாள். தண்ணீர் வடிந்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, தரை ஒரு வெயில் கண்ட பிறகுதான் கிரைண்டர் ஓடும். நஷ்டம்தானே என்று ஒரு தடவை கேட்டேன். “நீங்க லாரிக்குத் தார்ப்பாய் கட்டாம அனுப்புவீங்களா?” என்றாள். அதோடு சரி.

கமிட்டி உருவானது ஒரு சங்கிலியால். மூன்றாம் வரிசை டீச்சரம்மா பஸ்ஸுக்கு நின்றபோது பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். தெருவிளக்கு இல்லை, பாதுகாப்பு இல்லை என்று எல்லாரும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். தனித்தனியாக மனு வேண்டாம், ஒரு கமிட்டியாக வாருங்கள் என்றார்கள் அங்கே. அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் வரிசையில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடினோம். அவர் ஏதோ ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷெட் அவருடையது என்பதால் அவரே தலைவர். பக்கத்து வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் பிடிக்கும் இளம் மனிதர், செயலாளர். நகருக்கு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தவரும் அவர்தான்.

“பின்வரிசையிலேருந்தும் ஒருத்தர் வேணும் சார். இல்லாட்டி நாளைக்கு நம்மளை ஒதுக்கிட்டாங்கன்னு பேசுவாங்க” என்றார் செயலாளர்.

“பேசாத ஆளா பாருய்யா” என்றார் தலைவர்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன். “பாத்தீங்களா, போட்டியே இல்லாம ஜெயிச்சுட்டார்!” என்றார் செயலாளர். கை தட்டினார்கள். அன்றிலிருந்து நகரில் எனக்கு ‘ஊமை மெம்பர்’ என்று பெயர். சின்னப் பிள்ளைகள்கூட “ஊமை மெம்பர் மாமா” என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் மாமா மட்டும்தான் மரியாதை.

எங்கள் கமிட்டியில் ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. தலைவர் ஒன்றைச் சொல்லி நிறுத்துவார், எல்லாரும் கை தட்டுவார்கள், அது தீர்மானம். நான் நாற்காலிகளை விரித்துப் போடுவேன். தலைவர் வீட்டம்மா உள்ளே இருந்து தட்டில் டீ அனுப்புவார், அதையும் நானே ஏந்திக் கொடுப்பேன். கை தட்டும் நேரத்தில் என் கையில் தட்டு இருக்கும். அதனால் எந்தத் தீர்மானத்துக்கும் நான் கை தட்டியதில்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் ஏறி நின்றது. அட்டையை மாட்டிவிட்டு, கிரைண்டரைத் திண்டின் மேல் ஏற்றிவைத்துவிட்டு, இரண்டு பேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தோம். தலைவரும் செயலாளரும் பேன்ட்டை மடித்துவிட்டு வந்தார்கள். கடைசி வரிசைக்குத் தலைவர் வந்தது அதுதான் முதல் தடவை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டார்.

“நல்ல சேதிம்மா. வெளியூர்க் கம்பெனி ஒண்ணு நம்ம பக்கத்து நகருக்கெல்லாம் நிதி குடுக்குறாங்க. வடிகாலுக்குக் கேக்கப் போறோம். ஒரு போட்டோ வேணும்” என்றார்.

என் மனைவி முகம் மலர்ந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, “எடுத்துக்குங்க சார், எந்த மூலைய வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்றாள்.

செயலாளர் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அக்கா, இது வீடு மாதிரி இருக்கு. கஷ்டம் மாதிரி இல்ல. நீங்க நடுவுல நில்லுங்க. இந்தச் சேலை கொஞ்சம் புதுசாத் தெரியுது. பழசு எதாச்சும் இருந்தா மாத்திக்கிட்டு வர்றீங்களா?”

அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

“சிரிக்காதீங்க அக்கா. கம்பெனிக்காரன் பாத்தா அழணும்.”

“எனக்கு அழுகை வராது தம்பி.”

“அப்ப கீழ குனியுங்க. கையில பாத்திரம் இருந்தா நல்லாருக்கும். தண்ணி அள்ற மாதிரி.”

அவள் குளியலறை மக்கை எடுத்துக் குனிந்தாள். அது சின்னதாக இருக்கிறதாம். அவர் சுற்றிப் பார்த்தார். பலகையின் மேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவை எடுத்தார்.

“அது மாவு அண்டா தம்பி” என்றாள் அவள்.

“போட்டோவுக்குத்தானே அக்கா. சாப்பிடவா போறோம்?”

“வேண்டாம்” என்று நான் சொன்னேன். வெளியே கேட்கும்படியே சொன்னேன்.

செயலாளர் நெஞ்சில் கை வைத்தார். “சார்! மெம்பர் வாயைத் தொறந்துட்டார்! தேதியைக் குறிச்சுக்குங்க!” தலைவர் கைக்குட்டைக்குள் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அண்டா சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. கறுப்புத் தண்ணீர் பாதி உள்ளே போனது. என் மனைவியின் கையை எடுத்து அதன் விளிம்பில் வைத்தார். படம் எடுத்தார். பார்த்தார். “சூப்பர்க்கா. இதுக்கே குடுத்துருவான்” என்றார்.

அவர்கள் போன பிறகு அண்டாவைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். “இனிமே அது செடிக்கு” என்றாள். மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் வேறு அண்டா வாங்கிவந்தாள்.

படம் கம்பெனிக்கு மட்டும் போகும் என்று நினைத்திருந்தோம். செயலாளர் அதை நகர் குரூப்பிலும் போட்டார். ‘நமது கமிட்டியின் முயற்சி’ என்று மேலே எழுதி, கும்பிடும் கை மூன்று போட்டிருந்தார். தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, கிரைண்டர் ஓடிய முதல் சாயங்காலம் அவள் புது அண்டாவோடு முக்காலியில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மழை ஈரம், வரமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வரவில்லை. மாவு பொங்கி மூடியைத் தள்ளியது.

மூன்றாம் நாள் இரண்டாம் வரிசைப் பெண்கள் இருவர் எங்கள் வாசலைத் தாண்டி வாய்க்காலுக்கு அந்தப்பக்கக் கடைக்குப் போனார்கள். வருடக் கணக்காக எங்களிடம் மாவு வாங்கியவர்கள். என் மனைவி கூப்பிட்டாள். “ஏன் அக்கா, நேத்து வரலையே?”

ஒருத்தி நின்றாள். “படம் பாத்தோம்.”

“அது தண்ணி ஏறுன அன்னிக்கு எடுத்தது. அன்னிக்கு நான் அரைக்கலையே. அட்டை மாட்டியிருந்தேனே.”

“அண்டா அதானே? நசுங்குன அண்டா. எனக்குத் தெரியாதா?”

“அவருதான் எடுத்து உள்ள விட்டார்.”

“நீ எதுக்கு விட்ட?” என்றாள் அவள். மற்றவள் அவளை இழுத்தாள். கொஞ்சதூரம் போய், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: “அதான்டி, அவ மாவு மட்டும் எப்படி அப்படிப் புளிக்குதுன்னு யோசிச்சேன். ரகசியம் இப்பத் தெரிஞ்சு போச்சு.” இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அந்தச் சிரிப்பை நான் லாரி மேல் நின்றபோதும் கேட்டேன். கரி பறக்கும், காற்று தார்ப்பாயை அடிக்கும், அந்தச் சத்தத்திலும் கேட்டேன்.

தலைவர் வீட்டம்மா நல்லவர் என்று நினைத்திருந்தோம். அவர் வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார். மாவு வாங்க இல்லை. முன்பு கொடுத்துவைத்திருந்த அவர்கள் தூக்குவாளியைத் திருப்பி வாங்கிவர. “நல்லா வெந்நி ஊத்திக் குடுக்கச் சொன்னாங்கக்கா” என்றாள் அந்தப் பெண், முகத்தைப் பார்க்காமல். என் மனைவி வெந்நீர் போட்டு, வாளியைக் கழுவி, துடைத்து, மூடி போட்டுக் கொடுத்தாள். படம் நாகூர்வரைக்கும் போயிருந்தது. எங்கள் மகளின் மாமியார் போனில் கேட்டாராம்: “உங்க அம்மாவா இது? பண்டத்தை இனிமே அங்கேருந்து கொண்டாராதே.” மகள் அப்போது எங்களிடம் அதைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு அம்மா கையால் முறுக்கு வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இருந்தாலும் வடிகால் வரும் என்று என் மனைவி நம்பினாள். “வரட்டும். தரை காஞ்சு கிடக்குறத வந்து பாத்தா வாங்குவாங்க. நாக்குக்கு ரோஷம் கிடையாது” என்பாள். கிரைண்டரைத் தினமும் துடைத்துவைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தாள்.

பணம் வந்தது. கார் ஷெட்டில் கூட்டம். நான் நாற்காலி போட்டேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“வடிகால் நல்லதுதான். நான் இல்லேங்கல. ஆனா அது மண்ணுக்குள்ள போயிரும். யாரு பாப்பா? குடுத்தவன் வந்து பாத்தா என்னத்தக் காட்டுறது, குழியக் காட்டுறதா? நுழைவுல ஒரு வளைவு கட்டுவோம். நகர் பேரு, கம்பெனி பேரு, நம்ம பேரு. மேல ஒரு விளக்கு, ஒரு கேமரா. பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. பஸ்ல போறவன்கூடத் திரும்பிப் பாப்பான்.”

சங்கிலி பறிகொடுத்த டீச்சரம்மா முதலில் கை தட்டினார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நான் தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தேன். நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் குரல் வந்தது.

“என் வீட்டுப் படத்தக் காட்டித்தானே வாங்குனீங்க.”

செயலாளர் சொன்னார்: “அண்ணே படத்துக்கு வாடகை கேக்குறார் சார். அண்ணியை சினிமாவுல சேத்துவிட்டுருவோம்!”

அந்தச் சிரிப்பில் நாற்காலிகள் ஆடின. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உக்காருப்பா, உக்காரு. அடுத்த நிதியில பாப்போம்” என்றார். உட்கார எனக்கு நாற்காலி இல்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு எனக்குப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. தட்டை எடுத்துக்கொண்டேன்.

வளைவு எழுந்தது. அதன் வலது தூணை நட்ட இடத்தில்தான் மெயின் ரோட்டுக்கு அடியில் போகும் சின்ன மதகு இருந்தது. முன்வரிசைத் தண்ணீரில் பாதி அது வழியாக ரோட்டோரப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தூணுக்குக் குழி வெட்டியவர்கள் மதகின் வாயில் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்தேன். கொத்தனாரிடம் காட்டினேன். “தலைவர் கயிறு புடிச்ச இடம்ணே, நான் என்ன செய்ய?” என்றார்.

திறப்புவிழாவுக்கு முதல் நாள் வளைவின் பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் கோடு. ஒரு பக்கம் ‘அன்று’, மறுபக்கம் ‘இன்று’. இன்று என்ற பக்கத்தில் வளைவின் படம். அன்று என்ற பக்கத்தில் என் மனைவி. ஆள் உயரத்துக்கும் மேலே, சாக்கடையில் குனிந்து, அண்டாவைப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். “அக்கா, நாளைக்கு நீங்க அவசியம் வரணும். கம்பெனி அதிகாரி கையால உங்களுக்குச் சால்வை. அந்தச் சேலை இருக்குல்ல, போட்டோவுல கட்டியிருந்தது? அதையே கட்டிக்கிட்டு வாங்க. அப்பத்தான் அவருக்கு அடையாளம் தெரியும்.”

“வர்றேன் தம்பி” என்றாள்.

மறுநாள் அவள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டினாள். தலைக்குப் பூ வைத்தாள். நான் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். கூட்டத்தில் வழி விட்டார்கள். பட்டுக்கு எப்போதும் வழி விடுவார்கள். அவள் நேராகப் போய் அந்தப் படத்துக்குக் கீழே நின்றாள்.

அதிகாரி இளவயசுக்காரர், நல்ல தமிழ் பேசினார். படத்தைப் பார்த்து, “இந்த அம்மா வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

தலைவர் என் மனைவியைப் பார்த்தார். பச்சைப் பட்டைப் பார்த்தார். “இல்லீங்க சார். அவங்களுக்கு உடம்பு முடியல” என்றார். அவள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தாங்க அது” என்றாள் என் மனைவி.

அதிகாரி அவளைப் பார்த்தார். மேலே பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “அடடா! அடையாளமே தெரியலையேம்மா! இப்ப எவ்வளவு நல்லா இருக்கீங்க! பாருங்க சார், திட்டம் வேலை செஞ்சிருக்கு!” கூட்டம் கை தட்டியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சால்வை கழுத்தில் விழுந்தது. “இன்று பக்கம் நில்லுங்கம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று அவள் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். போன்கள் எழுந்தன.

வடிகால் கேட்டு நின்ற என் மனைவி, வடிகால் தேவையில்லை என்பதற்குச் சாட்சியானது இப்படித்தான். அந்தப் படமும் குரூப்பில் வந்தது.

வீட்டுக்கு வந்து பட்டை மடித்துவைத்தாள். “குனிஞ்சு நின்னப்பவும் நம்மள வித்தாங்க, நிமிந்து நின்னப்பவும் வித்துட்டாங்க” என்றாள். அதற்கு மேல் அன்று எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவள் பேசாத நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் குரூப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. ‘சுத்தமான முறையில் அரைத்த இட்லி மாவு கிடைக்கும்.’ செயலாளர் வீட்டு விலாசம். அவர் மனைவி கிரைண்டர் வாங்கியிருந்தார். என் மனைவி என்னிடம் கிண்ணம் கொடுத்து அனுப்பினாள். வாங்கிவந்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “உளுந்து பத்தல” என்று சொல்லி வாசல் சாக்கடையில் ஊற்றினாள். அது வெள்ளையாக மிதந்து, எங்கும் போகாமல், அங்கேயே நின்றது.

அடுத்த மழைக்கு முழுத் தண்ணீரும் எங்களுக்கே வந்தது. முன்பு மதகு வழியாகப் போன பாதியும் சேர்ந்து வந்தது. நாங்கள் இருவரும் நாகூரில் பேத்தி பிறந்ததைப் பார்க்கப் போயிருந்தோம். மழையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தபோது, திண்டு மூழ்கியிருந்தது. கிரைண்டர் மோட்டாருக்குள் சாக்கடை. கூரையில் இரண்டு ஓடும் உடைந்து அடுப்பங்கரையில் ஒழுகியது. மெக்கானிக் கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார். “காயில் வெந்துருச்சும்மா. புதுசே வாங்கிரலாம்” என்றார். அவள் அதன் கல்லைக் கையால் தடவினாள். பிறகு பழைய இரும்புக்காரரை அவளே கூப்பிட்டாள். இப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறாள். சாயங்காலம் விரல்களை எலுமிச்சைத் தோலால் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் மாவைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃப்ளெக்ஸ் மட்டும் அப்படியே நின்றது. காற்று ஒரு மூலையைக் கிழித்திருந்தது. எதிர் டீக்கடைக்காரர், பின்னால் ஆண்கள் ஒதுங்கும் இடத்துக்கு மறைப்பாகக் கட்டிக்கொள்ளட்டுமா என்று தலைவரிடம் கேட்டாராம். கட்டிக்க என்றாராம் தலைவர். அதை அந்த டீக்கடையிலேயே என்னிடம் ஒருவன் சொன்னான். “உங்க சம்சாரம் இனிமே எங்களுக்குக் காவல்ணே.” நான் டம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் கத்தியை எடுத்தாள்.

பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் திரும்பும் நேரத்தில், வளைவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டாக அறுத்தாள்.

செயலாளர் பைக்கை நிறுத்தினார். “அக்கா, அது கமிட்டிச் சொத்து.”

“முகம் என்னுது தம்பி. மிச்சத்த வெட்டித் தரவா?”

நான் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒழுகும் அடுப்பங்கரைக் கூரைமேல் ஏறினேன். போர்த்திக் கட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. கயிறு போடும் முன்னால் கீழே பார்த்துக் கேட்டேன், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று.

“படம் மேல இருக்கட்டும். உள்பக்கம் இருந்தா சோறாக்கும்போதெல்லாம் நான் பாக்கணும்” என்றாள்.

இறுக்கிக் கட்டினேன். லாரிக்குக் கட்டுவதுபோல, புயலுக்கும் அசையாதபடி. தாழ்ந்த கூரை எங்களுடையது. முதல் வரிசை மாடிகளில் துணி காயப்போடுகிறவர்களுக்கு அது முழுதாகத் தெரியும் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. தலைவர் வீட்டு மாடிக்கு நேர் எதிரே. அவருக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்களாம், மாடியில் நின்று காற்று வாங்கினார்களாம், இது என்ன என்று கேட்டார்களாம்.

வேலைக்காரப் பெண் வந்தாள். “ஐயா அதைத் திருப்பிப் போடச் சொன்னாங்கக்கா. பாக்க நல்லா இல்லையாம்.”

“தீர்மானம் போடச் சொல்லு” என்றாள் என் மனைவி.

போட்டார்கள். கூரைகளின் அழகு குறித்து. கை தட்டினார்கள் என்று கேள்வி. நான் அங்கே இல்லை. என்னைக் கமிட்டியிலிருந்தும் குரூப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், நாற்காலியை இப்போது யார் விரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருவர் அந்தத் தீர்மானத்தோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார். “எதுக்குங்க இது?” என்று கேட்டார்.

நான்தான் வாசலில் நின்றேன். அவர் ஒருவர்தான், நான்கு பேர் இல்லை. “ஒழுகுதுங்க” என்றேன்.

“ஒழுகுனா போர்த்தத்தான் செய்வாங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் செருப்பை நனைக்காமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போனார்.

அது அப்படியே இருக்கிறது. வெயிலில் வளைவின் படம் வெளுத்துப்போய்விட்டது. அவள் இருக்கும் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை. காலையில் தலைவர் மாடியில் வாக்கிங் போகும்போது இந்தப் பக்கம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறேன். அவருக்குக் கழுத்து வலிக்கும்.

அடுப்பங்கரை ஒழுகவில்லை. வாசலில் தண்ணீர் நிற்கிறது. உள்ளே அவள் சோறு வடிக்கிறாள், மேலே அவள் மீது மழை பெய்கிறது. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். நடந்ததை என்றேன். “அண்டாவ அவரா எடுத்து உள்ள விட்டார்னு போட்டீங்களா?” என்றாள். போட்டிருக்கிறேன்.

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. மழை.